சூளையையும் கணக்கில் கொள்ளுங்கள்: பல்கலைக்கழக மானியக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பல்கலைக்கழக மானியக் குழுவின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

நம் நாட்டின் காட்சிக்கலைப் புலங்களில் சுடுமண் கலையையும் பீங்கான் கலையையும் கற்பிக்கும் ஆசிரியர்களின் பதவி உயர்வு தொடர்பாக ஒரு கோரிக்கையைத் தங்கள் முன் வைக்க இம்மடலை எழுதுகிறேன். 2018 ஜூலையில் தாங்கள் வெளியிட்ட ஆசிரியர் தகுதி விதிமுறைகள், காட்சிக்கலையைப் பொறுத்தவரை, தொழில்முறைக் கலைஞர் ஒருவர் பல்கலைக்கழகத்திற்குள் வருவதற்குத் தனி வாசல் ஒன்றைத் திறந்து வைத்திருக்கின்றன. அவர் நடத்திய கண்காட்சிகளும் பட்டறைகளும் அங்கே தகுதிச் சான்றாக ஏற்கப்படுகின்றன. அந்த வாசலின் வழியாக உள்ளே வந்தவர் இணைப் பேராசிரியராகவும் பேராசிரியராகவும் உயர வேண்டிய வேளை வரும்போது மட்டும் பேச்சு மாறிவிடுகிறது. முனைவர் பட்டம் எங்கே, ஆய்விதழ்களில் வெளிவந்த கட்டுரைகள் எத்தனை, நெறிப்படுத்திய ஆய்வாளர்கள் எத்தனை பேர் என்று கேட்கப்படுகிறது. எந்த வேலைக்காக அவரை அழைத்தோமோ அந்த வேலையை அவர் தொடர்ந்து செய்தாரா, அதில் முன்னேறினாரா என்பது அநேகமாகக் கேட்கப்படுவதே இல்லை. சூளையில் அவர் செய்யும் வேலையை ஆய்வாகவே ஏற்று மதிப்பிட வேண்டும் என்பதே என் கோரிக்கை.

நான் ஒரு பல்கலைக்கழகத் துறையில் இக்கலையைப் பயின்றவன். இப்போது சிறிய பட்டறை ஒன்றை வைத்துப் பிழைக்கிறேன். ஆசிரியப் பணிக்கு நான் விண்ணப்பிக்கவில்லை, இனி விண்ணப்பிக்கும் வயதும் இல்லை. ஆகவே இதில் எனக்குத் தனிப்பட்ட ஆதாயம் எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விதிகளைப் பற்றி விதிகளின் நடையிலேயே வாதிடுவதைவிட, ஒருவரது பணிவாழ்வை எடுத்துக்கொண்டு பேசுவது நல்லது என்று தோன்றுகிறது. பரோடாவின் மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் 30 ஆண்டுகள் பீங்கான் கலையைக் கற்பித்த ஜோத்ஸ்னா பட் அவர்களின் பணிவாழ்வை நான் தேர்ந்தெடுத்திருக்கிறேன். 1940-ல் கச்சுப் பகுதியின் மாண்டவியில் பிறந்தவர். மும்பை ஜே. ஜே. கலைப்பள்ளியில் ஓராண்டு படித்துவிட்டு, 1958-ல் பரோடாவுக்கு வந்து, சங்கோ சௌதுரியிடம் சிற்பம் பயிலத் தொடங்கினார். அந்தக் கவின்கலைப் புலம் 1950-ல்தான் தொடங்கப்பட்டிருந்தது. பாடத்திட்டத்தைவிட ஆசிரியர்களின் சொந்தத் தேடலே அங்கு வழிகாட்டியாக இருந்த காலம் அது. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளியல் படித்து, பின்னர் சாந்திநிகேதன் வழியாகப் பரோடாவுக்கு வந்து சேர்ந்த கே. ஜி. சுப்பிரமணியன் அங்கே ஓவியமும் கற்பித்தார், பொம்மையும் செய்தார், லக்னோவின் ரவீந்திராலயக் கட்டடத்திற்குச் சுடுமண்ணால் ஒரு பெரும் சுவரையும் 1963-ல் அமைத்தார். கைவினை வேறு, கலை வேறு என்று பிரித்துப் பார்க்காத ஆசிரியர்கள் அவர்கள். அவர்களில் யாரும் கட்டுரைகளின் எண்ணிக்கையால் அங்கு நியமிக்கப்பட்டவர்கள் அல்லர்.

சிற்ப மாணவியாக வந்த ஜோத்ஸ்னா பட், களிமண் சூளைக்குள் போய் வேறொன்றாகத் திரும்பி வருவதில் ஈர்க்கப்பட்டு அதையே தம் துறையாக ஆக்கிக்கொண்டார். 1960களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் புரூக்ளின் அருங்காட்சியகக் கலைப்பள்ளியில் ஜோலியன் ஹாஃப்ஸ்டெட் என்பவரிடம் பீங்கான் கலை பயின்றார். 1972-ல், தாம் படித்த புலத்திலேயே ஆசிரியராகச் சேர்ந்தார். 2002-ல் துறைத்தலைவராக ஓய்வு பெற்றார். அதன் பிறகும் தம் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்து, 2020 ஜூலையில் மறைந்தார்.

இவ்வளவையும் ஒரு தன்விவரக் குறிப்பில் நான்கு வரிகளில் அடக்கிவிடலாம். தங்கள் அட்டவணைகளில் இடம்பெறுவதும் ஏறத்தாழ அந்த நான்கு வரிகளே. அந்த 30 ஆண்டுகளில் அவர் உண்மையில் என்ன செய்தார் என்பது அவருடைய பாண்டங்களில் இருக்கிறது. பூனைகள், ஆந்தைகள், பறவைகள், தாமரை மொட்டுகள், அகன்ற தட்டுகள், விளையாட்டுப் பொம்மைகள் என்று அவர் செய்தவை அளவில் பெரியவை அல்ல. அவற்றின் மேற்பூச்சு பெரும்பாலும் பளபளப்பற்றது. பாசிப்பச்சையும் நீலம் கலந்த பச்சையுமாக, ஒளியை உள்வாங்கி மங்கலாகத் திருப்பித் தருவது. கண்காட்சியில் அவற்றைப் பார்க்கும் ஒருவர், எளிமையான பொருள்கள் என்று நினைத்து நகர்ந்துவிடக்கூடும். அந்தப் பச்சையைச் சூளையிலிருந்து ஒவ்வொரு முறையும் அதே பச்சையாக வெளியே கொண்டுவர முயன்றவர்களுக்குத்தான் அதற்குப் பின்னால் இருக்கும் உழைப்பு தெரியும்.

அந்த உழைப்பு எத்தகையது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் தேர்வுக் குழுக்களில் அமரும் பெரும்பாலோர் சூளைக்குள் என்ன நடக்கிறது என்பதை அறியும் வாய்ப்பைப் பெற்றவர்கள் அல்லர். நாங்கள் கிளேஸ் என்று சொல்லும் மேற்பூச்சு, பாண்டத்தின் மீது உருகிப் படியும் ஒருவகைக் கண்ணாடி. கண்ணாடியாவதற்குச் சிலிக்கா வேண்டும். அது வழிந்து ஓடிவிடாமல் பாண்டத்தைப் பற்றிக்கொள்ள அலுமினா வேண்டும். சூளையின் வெப்பத்திலேயே உருகுவதற்கு ஃபெல்ட்ஸ்பார், சுண்ணாம்பு, மரச்சாம்பல் போன்ற ஏதாவதொரு இளக்கி வேண்டும். இவற்றின் விகிதத்தில் சிறு மாற்றம் நேர்ந்தாலும் பளபளப்பு மங்கும், நிறம் திரியும், பூச்சு கொப்பளிக்கும் அல்லது பாண்டத்தை விட்டு உரிந்து வரும். ஒரே தாமிர ஆக்சைடு, சூளைக்குள் காற்று தாராளமாக இருந்தால் பச்சையாகவும், காற்றைக் குறைத்து எரித்தால் சிவப்பாகவும் மாறும். பளபளப்பற்ற பூச்சு வேண்டுமானால், சேர்மானத்தோடு சூளையைக் குளிரவிடும் வேகத்தையும் கட்டுப்படுத்த வேண்டும், ஏனெனில் மெதுவாகக் குளிரும்போதுதான் நுண்ணிய படிகங்கள் மேற்பரப்பில் உருவாகின்றன. மூன்று பொருள்களை ஐந்தில் ஒரு பங்கு வீதம் கூட்டியும் குறைத்தும் முக்கோண வடிவில் கலந்து பார்க்கும் மிக எளிய சோதனைக்கே, பூச்சைத் தடவிச் சுட்டுப் பார்க்கும் சிறு மண் வில்லைகள் 21 தேவை. அவற்றில் பயன்படும் ஒன்று கிடைத்தால் அது நல்ல நாள்.

ஸ்டோன்வேர் எனப்படும் உயர்வெப்பப் பாண்டத்திற்குச் சூளை ஏறத்தாழ 1,280 பாகை செல்சியஸ் வரை போக வேண்டும். பத்து மணி நேரத்திற்கும் மேலாக ஒருவர் அருகிலேயே இருந்து வெப்பத்தையும் காற்றையும் கவனிக்க வேண்டும். 573 பாகையில் களிமண்ணிலுள்ள குவார்ட்ஸ் திடீரென்று விரிவடைகிறது; அந்த இடத்தை அவசரமாகக் கடந்தால் பாண்டம் விண்டுபோகும், குளிரும்போது அதே இடத்தில் மறுபடியும் அதே ஆபத்து உண்டு. ஜெர்மானிய வேதியியலர் ஹெர்மன் செகர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கிய கூம்புகளை நாங்கள் இன்றும் சூளைக்குள் வைக்கிறோம். அவை வளைவதைத் துளை வழியே பார்த்துத்தான் பாண்டம் எவ்வளவு வெந்திருக்கிறது என்று முடிவு செய்கிறோம். பிறகு ஒரு நாளோ அதற்கு மேலோ காத்திருந்துதான் சூளையைத் திறக்க முடியும். இடையில் திறந்து பார்க்க ஆசைப்பட்ட மாணவர்கள் எல்லாத் துறைகளிலும் உண்டு. அவர்கள் உடைத்த பாண்டங்களும் உண்டு.

இதைச் சோதனை என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? ஒரு கருதுகோள் இருக்கிறது, மாறிகள் இருக்கின்றன, பதிவேடு இருக்கிறது, முடிவை மற்றொருவர் அதே முறையில் செய்து சரிபார்க்கவும் முடிகிறது. வேதியியல் துறையில் இதே வேலையைச் செய்பவர் அதைக் கட்டுரையாக எழுதிப் புள்ளிகள் பெறுகிறார். பீங்கான் துறையில் இருப்பவர் அதைத் தட்டாகவும் பூனையாகவும் செய்து காட்சிக்கு வைக்கிறார், ஒன்றும் பெறுவதில்லை. எழுத்தில் வராத அறிவு அறிவே அல்ல என்று நாம் முடிவு செய்துவிட்டோமா? எழுத்தில் கொண்டுவர முடியாதது என்றும் நான் சொல்லவில்லை. பீங்கான் கலைஞர் நிர்மலா பட்வர்தன் தம் வாழ்நாள் கிளேஸ் சோதனைகளைத் தொகுத்து நூலாகவே தந்தார், அது இந்தியப் பட்டறைகளில் இன்றும் புரட்டப்படுகிறது. ஆனால் அந்த நூலின் மதிப்பு முழுவதும் அதற்கு முன் எரிந்த சூளைகளிலிருந்து வந்தது.

ஜோத்ஸ்னா பட் பணியில் சேர்ந்த காலத்தில், பட்டறை அளவில் வேலை செய்வோருக்கான மூலப்பொருள்கள் இந்தியாவில் இன்று கிடைப்பது போலக் கடைகளில் கிடைக்கவில்லை. தங்காத், மோர்பி போன்ற ஊர்களின் ஓட்டுத் தொழிற்சாலைகளுக்கும் பீங்கான் ஆலைகளுக்கும் வரும் களிமண்ணையும் தாதுப்பொடிகளையும் வாங்கி, அவற்றைத் தம் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்வதே அன்றைய வழக்கம். வெளிநாட்டில் கற்ற சேர்மானம் இங்குள்ள மண்ணோடு அப்படியே பொருந்தாது; ஒவ்வொன்றையும் முதலிலிருந்து செய்து பார்க்க வேண்டும். ஓர் ஆசிரியர் இதைச் செய்து முடிக்கும்போது அந்தத் துறைக்கு ஒரு மண்கலவையும், ஒரு தொகுதிப் பூச்சுகளும், சூளையை இயக்கும் ஒரு முறையும் கிடைக்கின்றன. மாணவர் தலைமுறைகள் அவற்றின் மேல் நின்று வேலை செய்கின்றன. அந்த ஆசிரியர் ஓய்வு பெற்ற பின்னும் துறையின் சுவரில் தொங்கும் சோதனை வில்லைகள் பயன்பட்டுக்கொண்டிருக்கும். பதவி உயர்வுப் படிவத்தின் எந்தக் கட்டத்தில் இதை எழுதுவது என்பதை எனக்கு யாரும் இதுவரை சொன்னதில்லை.

எனக்குக் கற்பித்த ஆசிரியர் ஒருவர் நேர்காணலுக்குப் போனபோது தம் பாண்டங்கள் சிலவற்றை வைக்கோல் வைத்துப் பொதிந்த மரப்பெட்டியில் கொண்டு சென்றார். குழுவினர் அவருடைய கோப்பை முழுமையாகப் புரட்டினர். பெட்டியைத் திறக்கச் சொல்லவில்லை. யாரையும் குறை கூற இதைக் குறிப்பிடவில்லை, அவர்கள் கையிலிருந்த படிவம் பெட்டியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை என்பதால் குறிப்பிடுகிறேன்.

பிற நாடுகளில் என்ன செய்கிறார்கள் என்று தாங்கள் கேட்கலாம். ஹவாயில் ஜப்பானியக் குடியேறிகளின் மகளாக 1922-ல் பிறந்த தோஷிகோ தகாயெசு, முதலில் ஒரு வணிகப் பட்டறையில் வேலை செய்து, பிறகு ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் கிளாட் ஹோரனிடமும் கிரான்புரூக் கலைக்கழகத்தில் மாயா குரோட்டலிடமும் பயின்று, 1967 முதல் 1992 வரை பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். வாயை மூடி முழுமையாக அடைத்துவிட்ட கலங்களால் அறியப்பட்டவர் அவர். அடைப்பதற்கு முன் தாளில் சுற்றிய ஒரு சிறு மண்துண்டை உள்ளே போடுவார், சூளையில் தாள் எரிந்துபோக, துண்டு மட்டும் உள்ளே கிடந்து ஒலிக்கும். அங்கே கற்பிக்க அந்தப் பல்கலைக்கழகம் அவரிடம் முனைவர் பட்டம் கேட்கவில்லை. பணி ஓய்வுக்குப் பிறகு, 1996-ல், தானே ஒரு கௌரவ முனைவர் பட்டத்தை அவருக்கு வழங்கியது. அமெரிக்காவில் பட்டறைக் கலைகளைப் பொறுத்தவரை முதுகலைப் பட்டமே இறுதிப் பட்டம் என்று அங்குள்ள கலைஞர்கள், கலை ஆசிரியர்களின் அமைப்பான காலேஜ் ஆர்ட் அசோசியேஷன் பல பத்தாண்டுகளாகக் கூறிவருகிறது. நம் நாட்டில் அதே முதுகலைப் பட்டம் பதவி ஏணியின் முதல் படியோடு நின்றுவிடுகிறது.

தகாயெசுவைவிட என் வாதத்திற்கு நெருக்கமானது ஆப்பிரிக்காவில் தொடங்கும் மற்றொரு சங்கிலி. நைஜீரியாவின் குவாரி இனத்தைச் சேர்ந்த லாடி குவாலி, தம் ஊர்ப் பெண்களின் முறையில், சக்கரமின்றிக் கையாலேயே மண்ணை வளர்த்துப் பானை செய்யக் கற்றவர், பள்ளிக்கல்வி பெறாதவர். மைக்கேல் கார்டியூ என்ற ஆங்கிலேயர் அபூஜாவில் நடத்திய பயிற்சி மையத்தில் சேர்ந்து, தம் மரபுப் பானைகளை ஸ்டோன்வேர் பூச்சோடு இணைத்தார். ஜாரியாவின் அகமது பெல்லோ பல்கலைக்கழகம் அவரைப் பகுதிநேர விரிவுரையாளராக ஏற்றது. 1977-ல் கௌரவ முனைவர் பட்டமும் அளித்தது. இன்று நைஜீரியாவின் 20 நைரா தாளின் பின்பக்கத்தில் அவர் பானை வனையும் படம் இருக்கிறது. 1970களின் நடுவில் அபூஜாவுக்குச் சென்று அவரிடம் கற்றவர்களில் நைரோபியில் பிறந்த மாக்டலீன் ஒடுண்டோவும் ஒருவர். ஒடுண்டோ லண்டன் அரச கலைக்கல்லூரியில் 1982-ல் முதுகலை முடித்தார். தெற்கு இங்கிலாந்தின் ஃபார்ன்ஹாமில், தாம் முன்பு படித்த கலைக்கல்லூரியிலேயே பிற்காலத்தில் கற்பித்து, 2001-ல் பேராசிரியரானார். அந்நிறுவனம் வளர்ந்து படைப்புக்கலைப் பல்கலைக்கழகமான பின், 2018-ல் அதன் வேந்தராகவே நியமிக்கப்பட்டார். அவருடைய கலங்கள் சக்கரத்தில் வனையப்பட்டவை அல்ல, பூச்சு பூசப்பட்டவையும் அல்ல. நுண்களிமண் குழம்பு தடவி, கையால் தேய்த்து மெருகேற்றி, முதல் சூட்டில் செம்மஞ்சளாகவும், காற்றைத் தடுத்த இரண்டாம் சூட்டில் கருமையாகவும் வருபவை. எழுதப் படிக்கப் பயிற்சி பெறாத ஒரு பெண்ணின் கையிலிருந்த அறிவு ஒரு பல்கலைக்கழக வேந்தரின் கைக்கு வந்து சேர்ந்ததற்கு நடுவில் நின்று உதவியவை, கையால் செய்த வேலையை வேலையாகவே பார்த்து மதிப்பிடத் தெரிந்த சில நிறுவனங்கள்.

இதைத் தமிழ்நாட்டிலிருந்து படிக்கும்போது எனக்கு ஆதங்கம் எழாமல் இல்லை. 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய சென்னைக் கலைப்பள்ளியில் தொடக்க ஆண்டுகளிலேயே மட்பாண்டத் தொழில் பயிற்சியும் இடம்பெற்றது. அதன் வழிவந்த அரசு கவின்கலைக் கல்லூரியில் பீங்கான் கலைக்கு இன்றும் தனிப் பட்டப்படிப்பு இருக்கிறது. புதுக்கோட்டைப் பக்கத்து வேளார்கள் ஆளுயரத்தைத் தாண்டிய அய்யனார் குதிரைகளை உள்ளீடற்றதாகவே எழுப்பி, உடையாமல் சுட்டெடுக்கிறார்கள். அதில் அடங்கியிருக்கும் கட்டுமான அறிவை எந்த முதுகலை மாணவரும் ஓராண்டு உட்கார்ந்து கற்கலாம். புதுச்சேரியில் டெபோரா ஸ்மித்தும் ரே மீக்கரும் 1971-ல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பட்டறை எந்தப் பட்டமும் வழங்காமலே இந்தியாவின் பீங்கான் கலைஞர்களில் கணிசமானோரை உருவாக்கியிருக்கிறது. வில்லியனூர் முனுசாமி அவர்களின் சுடுமண் சிற்பங்களுக்காக 2020-ல் நாடு பத்மஸ்ரீ வழங்கியது. இவர்கள் எல்லாம் பல்கலைக்கழகத்திற்கு ஒருநாள் செய்முறை காட்ட அழைக்கப்படுவார்கள். பொன்னாடையும் பயணப்படியும் பெற்றுத் திரும்புவார்கள்.

இதற்கென்றுதான் 2022-ல் ‘நடைமுறைப் பேராசிரியர்’ வழிகாட்டு நெறிகளைத் தந்தோமே என்று தாங்கள் சொல்லக்கூடும். அது நல்ல நோக்கம் கொண்டது என்பதை மறுக்கவில்லை. 15 ஆண்டு அனுபவமுள்ள ஒருவரைப் பட்டங்களைக் கேட்காமல் அழைக்க அது இடம் தருகிறது. எனினும் அதன்படி ஒருவர் இருக்கக்கூடிய மொத்தக் காலம் நான்கு ஆண்டுகளைத் தாண்டக்கூடாது. ஏற்கெனவே ஆசிரியப் பணியில் இருப்பவர்களுக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியர்களுக்கும் அது பொருந்தாது. ஒரு துறையின் மண்கலவையைச் சீராக்கவும் ஒரு சூளையின் குணத்தை அறிந்துகொள்ளவுமே அந்தக் காலத்தில் பாதி போய்விடும். பரோடாவில் 30 ஆண்டுகளும் பிரின்ஸ்டனில் 25 ஆண்டுகளும் எதற்காகத் தேவைப்பட்டன என்பதை எண்ணிப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். துறைக்கு விருந்தினர்கள் வேண்டும்தான். ஆனால் அங்கேயே இருந்து முதுமை அடையும் ஆசிரியர் இல்லாத பட்டறையில் விருந்தினருக்குச் செய்ய அதிகம் இருக்காது.

கலைப்படைப்பைப் புறவயமாக மதிப்பிட முடியாது, ஆகவே முறைகேட்டுக்கு வழி பிறக்கும் என்பது நான் அடிக்கடி கேட்கும் எதிர்வாதம். இதில் உண்மை இருக்கிறது. கண்காட்சி என்ற பெயரில் வாடகைக் கூடத்தில் ஒரு மாலைப்பொழுது நடத்தப்படும் நிகழ்ச்சிகளை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் பணம் கட்டிக் கட்டுரை வெளியிடும் ஆய்விதழ்களின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்த தாங்களே பட்டியல்களைப் போட்டும் மாற்றியும் போராட வேண்டியிருந்ததே. அதற்காகக் கட்டுரைகளையே கணக்கிலிருந்து நீக்கிவிடவில்லை. பிரிட்டனில் பல்கலைக்கழகங்களின் ஆய்வுத்தரத்தை அவ்வப்போது மதிப்பிடும் தேசிய நடைமுறை, கலைப்பொருளையும் கண்காட்சியையும் ஆய்வு வெளியீடாக ஏற்றுக்கொள்கிறது. எந்தக் கேள்வியோடு தொடங்கினார், எம்முறையில் தேடினார், என்ன கண்டார் என்பதைச் சொல்லும் சுருக்கமான குறிப்பை மட்டும் உடன் இணைக்கச் சொல்கிறது. அத்தகைய குறிப்பை எழுத முடியாத ஆசிரியர் உண்மையில் ஆய்வு செய்யவில்லை என்று கொள்வதில் எனக்கு மறுப்பில்லை.

ஆகவே பதவி உயர்வுக்கான மதிப்பீட்டில், பீங்கான் கலை ஆசிரியர் ஒருவர் தம் கண்காட்சிகளையும், அவற்றுக்கு அடிப்படையான சோதனைப் பதிவேடுகளையும், துறைக்காக அவர் வடிவமைத்துக் கட்டிய சூளைகளையும், உருவாக்கிய மண்கலவைகளையும் பூச்சுத் தொகுதிகளையும் ஆய்வு வெளியீடுகளாக முன்வைக்க இடம் தாருங்கள். மதிப்பிடும் குழுவில் குறைந்தது இருவராவது சூளை வைத்து வேலை செய்பவர்களாகவும், அந்தப் பல்கலைக்கழகத்தோடு தொடர்பில்லாதவர்களாகவும் இருக்கட்டும். அவர்கள் கோப்பைப் பார்ப்பதோடு நில்லாமல் பட்டறைக்கே சென்று பார்க்கட்டும். பாண்டத்தைக் கையில் எடுத்து, அடிப்பகுதியைத் திருப்பிப் பார்த்தாலே தெரிந்துகொள்ளக்கூடியவை பல உண்டு. முனைவர் பட்டம் பெற விரும்பும் ஆசிரியருக்கு, படைப்பையும் அதைப் பற்றிய எழுத்தையும் சேர்த்துச் சமர்ப்பிக்கும் முறையைத் தெளிவாக அனுமதியுங்கள். தாம் செய்யாத ஒன்றைப் பற்றி வரலாற்றுக் கட்டுரை எழுதித்தான் பட்டம் பெற வேண்டிய நிலை இப்போது பலருக்கு இருக்கிறது, அந்த ஆண்டுகளில் அவர்களுடைய சக்கரம் சுழல்வதே இல்லை.

பணிநேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உதவிப் பேராசிரியர் வாரத்திற்கு 16 மணி நேரமும், மற்ற இரு நிலையினர் 14 மணி நேரமும் நேரடியாகக் கற்பிக்க வேண்டும் என்பது தங்கள் விதி. மாணவர்களின் பாண்டங்களை அடுக்கிச் சூளையை மூட்டி இரவில் உடனிருக்கும் ஆசிரியரின் மணிநேரங்கள் இந்தக் கணக்கில் எங்கும் சேர்வதில்லை. மாலையானதும் கட்டடத்தைப் பூட்டிவிடும் நிர்வாகங்களும் இருக்கின்றன. சூளை எரியும் நாளைக் கற்பித்தல் நாளாகவே கணக்கிடுமாறும், ஒவ்வொரு பீங்கான் துறைக்கும் பயிற்சி பெற்ற உதவியாளர் ஒருவரை நிரந்தரமாக நியமிக்க நிதி ஒதுக்குமாறும் வேண்டுகிறேன். உலர்ந்த களிமண்ணிலிருந்து எழும் சிலிக்கா தூசு பல ஆண்டுகள் மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலை மீளமுடியாதபடி கெடுக்கும். தூசு உறிஞ்சும் கருவியும் காற்றோட்டமும் இல்லாத பட்டறைகளுக்கு அங்கீகாரம் வழங்கும்முன் அவற்றைக் கேட்டுப் பெறுவது தங்களால் எளிதில் செய்யக்கூடியது.

மரபுவழிக் குயவர்களைப் பொறுத்தவரை, அகமது பெல்லோ பல்கலைக்கழகம் அரை நூற்றாண்டுக்கு முன் செய்ததைச் செய்தாலே போதும். ஒரு பருவம் முழுவதும் வந்து கற்பிக்கும் வேளார் ஒருவருக்கு விரிவுரையாளர் என்ற பெயரும், அதற்குரிய ஊதியமும், மாணவரின் மதிப்பெண்ணில் பங்கும் கிடைக்க வேண்டும். எழுதத் தெரியாவிட்டால் அவர் சொல்வதைக் கேட்டு எழுத அங்கே முதுகலை மாணவர்கள் இருக்கிறார்கள்.

விதிமுறைகளைத் திருத்தும் பணி தங்களிடம் அவ்வப்போது நடந்துகொண்டே இருக்கிறது என்பதை அறிவேன். அடுத்த முறை காட்சிக்கலைப் பகுதியை எழுதும் குழுவில், பீங்கான் கலையைக் கற்பித்துக்கொண்டே செய்துவரும் ஒருவருக்கு இடம் கொடுங்கள். திருத்தம் வரும்போது, ஏற்கெனவே விண்ணப்பித்து உதவிப் பேராசிரியராகவே காத்திருப்பவர்களுக்கும் அது பொருந்துமாறு நாள் குறியுங்கள். அவர்களில் சிலருக்கு ஓய்வு பெற அதிக ஆண்டுகள் இல்லை.

இங்ஙனம்,
மதிப்புடன்,
சுடுமண் கலை பயின்ற பழைய மாணவன்